பை வேனில், நாங்கள் சைக்கிளில்: கார்மிஷ் முதல் ரீவா வரை ஆறு நாள்

முதல் நாள் காலை ஏழே முக்கால். தெற்கு ஜெர்மனியில், கார்மிஷ் விடுதி வாசலில் வேன் ஓட்டுநர் என் பையைக் கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். 17.4 கிலோ. ஆளுக்கு 15 தான் கணக்கு. அவர் கோபப்படவில்லை, தராசை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டிவிட்டு அடுத்த பையை எடுக்கப் போய்விட்டார்.

"அம்மா, அந்தப் பருப்புப்பொடி டப்பாவ எடுத்துடு" என்றான் மகன்.

ஹேர் டிரையரை எடுத்தேன். ஒரு ஜோடி செருப்பு, தடிமனான ஒரு நாவல், "குளிர் அடித்தால்?" என்று திணித்திருந்த கம்பளிச் சட்டை எல்லாம் காருக்குப் போயின. 14.8. பொடி டப்பா பைக்குள்ளேயே இருந்தது. இந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று, பிறகு சொல்கிறேன்.

எனக்கு 46 வயது. உடுமலைப்பேட்டைக்காரி. ஆக்ஸ்பர்க்கில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மகனுக்கு 19. அவனுக்கு மலைச் சைக்கிளில் ஆல்ப்ஸைத் தாண்ட வேண்டும் என்று ஆசை, எனக்கு அவனோடு ஒரு வாரம் கிடைக்குமே என்ற ஆசை. முதுகில் மூட்டை சுமந்து ஏறும் தெம்பு எனக்கு இல்லை என்பதால் சாமான் வண்டி உள்ள ஏற்பாடாகப் பார்த்துப் பதிவு செய்தோம். வழிகாட்டி கிடையாது. தங்குமிடம், காலை உணவு, தினமும் பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஜிபிஎஸ் பாதை, கடைசியில் இத்தாலியில் கார்தா ஏரிக்கரையிலுள்ள ரீவாவிலிருந்து கார்மிஷுக்குத் திரும்பும் பேருந்து. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,100 யூரோவை ஒட்டி வந்தது. எனக்கு மின்சார மலைச் சைக்கிள் வாடகை தனி. மகன் தன் சொந்தச் சைக்கிளையே, மோட்டார் இல்லாததையே ஓட்டினான்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வழியை விற்பவர்கள் நிறையப் பேர், எல்லோரும் ஏறக்குறைய இதே ஊர்களில்தான் தங்க வைக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.

காசு கொடுக்கும்போது எனக்குப் புரியாமல் இருந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமான் வண்டி என்பது பயணத்தோடு இலவசமாகச் சேர்த்துத் தரும் வசதி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, வழியைத் தீர்மானிப்பதே அதுதான். வேன் போகும் ஊரில்தான் நீங்கள் தூங்க முடியும். வேனுக்குத் தார் ரோடு வேண்டும். ஆகவே எவ்வளவு உயரம் ஏறினாலும் சாயங்காலம் பள்ளத்தாக்குக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், மறுநாள் காலை அங்கிருந்து மறுபடி ஏற்றம்.

இதற்கு ஒரு கணக்கு. 1980களின் கடைசியில் ஆண்ட்ரியாஸ் ஹெக்மேர் என்பவர் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபிலிருந்து ரீவாவுக்கு ஒரு வழி கண்டுபிடித்து ஓட்டினார். ஐகர் மலையின் வடக்குச் சுவரை 1938-இல் முதலில் ஏறிய நால்வரில் ஒருவரான ஆண்டெர்ல் ஹெக்மேரின் மகன் இவர். 'டிரான்ஸ்ஆல்ப்', அதாவது சைக்கிளில் ஆல்ப்ஸைத் தாண்டுவது, என்றால் இன்றும் பலருக்கு அந்த வழிதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆஸ்திரிய ஊரான இஷ்கிளுக்கு மேலே 2,264 மீட்டரில் ஹைடெல்பர்க் குடிலில் இரவு தங்கிவிட்டு, காலையில் 2,608 மீட்டர் ஃபிம்பர் கணவாயைக் காப்பி குடித்த சூட்டோடு தாண்டிவிடலாம். சாமான் வண்டிக்காரர்கள் 1,377 மீட்டரில் இஷ்கிளிலேயே தூங்க வேண்டும், மறுநாள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அந்த வழியைப் பார்த்துவிட்டுத்தான் நான் கார்மிஷ் வழியை எடுத்தேன். இதில் பெரிய கணவாய்கள் இல்லை, பழைய ரோமானிய ரோடான வியா கிளவுடியா அகஸ்டாவை ஒட்டியே நிறைய தூரம் போகிறது. ரோமானியர்கள் மாட்டு வண்டிக்காகத் தேடிய சரிவு, நாற்பது தாண்டிய முழங்காலுக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

முதல் இரண்டு நாளை விரைவாகவே சொல்லிவிடலாம். ஐப்ஸே ஏரி, அதன் தலைக்கு மேல் 2,962 மீட்டர் ட்சுக்ஷ்பிட்ஸ சிகரம், பிறகு எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் ஏர்வால்ட், ஃபெர்ன் கணவாய், இம்ஸ்ட். ஃபெர்ன் கணவாய் ரோட்டில் லாரிகள் வாலோடு வால் ஒட்டி நிற்கின்றன. நாங்கள் காட்டுக்குள் சரளைப் பாதையில் அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம். இங்கே ஜிபிஎஸ் பாதை தந்ததற்கு ஒரு சபாஷ். ஆஸ்திரியாவில் காட்டுப் பாதை கண்ணில் பட்டதும் சைக்கிளைத் திருப்ப முடியாது. காட்டுச் சட்டப்படி நடக்கலாம், சைக்கிளுக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். அனுமதித்த பாதைகளில் மட்டும்தான் போகலாம். ஆறு நாளும் ஒரு தடைப்பலகையின் முன்கூட அந்தக் கோடு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தவில்லை. வரைந்தவர் யாரோ, உண்மையாகவே சைக்கிளில் போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் 'இன்' என்ற ஆற்றோடு மேலே போய், சுவிட்சர்லாந்தை ஓரமாகத் தொட்டுவிட்டு, மார்ட்டினாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி நவுடர்ஸ். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி எண்ணி வளர்ந்தவளுக்கு வளைவு ஒன்றும் புதிதில்லை. ஆனால் அங்கே நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாளுக்காகவே இந்தப் பயணத்தை மறுபடியும் போகலாம். நவுடர்ஸிலிருந்து பிளாமோர்ட்டுக்கு 650 மீட்டர் ஏற்றம். ஊசியிலைக் காடு, ஈரமண் வாசனை, வழியில் மாட்டு வேலி. கம்பியில் மின்சாரம் ஓடும், ஆனால் திறந்து மூட ஒரு பிளாஸ்டிக் பிடி இருக்கும். திறந்தவர் மூட வேண்டும், மாட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். மோட்டார் இருந்தும் எனக்கு மூச்சு வாங்கியது. மகன் பேச்சை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேலே போனதும் திடீரென்று மரம் இல்லை. சதுப்பு நிலம், காற்றில் ஆடும் வெள்ளைப் பஞ்சுப் புல், அதன் நடுவே பல் பல்லாக வரிசை பிடித்து நிற்கும் டாங்கித் தடுப்புகள். இரண்டாம் உலகப் போரை ஒட்டி முசோலினியின் இத்தாலி வைத்தவை. யாரைத் தடுக்க? கூட்டாளி ஹிட்லரை. கூட்டணி வைத்துக்கொண்டே வாசலில் முள்வேலி போட்ட கதை நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

தடுப்புகளைத் தாண்டி நூறு மீட்டர் போனால் தரை முடிகிறது. கீழே முழுசாக ரெஷென் ஏரி. தண்ணீருக்குள்ளிருந்து ஒற்றைத் தேவாலயக் கோபுரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரம். 1950-இல் மின்சாரத்துக்காக அணை நீரைத் தேக்கியபோது கிராவுன் என்ற ஊர் முழுகிப்போனது, 163 வீடுகள். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது அதன் கரையில் கார் நிறுத்த இடம் தேடிக் கூட்டம் சுற்றுகிறது. மேலிருந்து பார்க்கும்போது கூட்டம் தெரியவில்லை, கோபுரம் ஒரு நட்டு வைத்த பென்சில் மாதிரி தெரிந்தது. பொடி டப்பா பையில் போயிருந்தது, ஆனால் முதுகுப்பையில் நாலு சப்பாத்தியைச் சுருட்டி வைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் தின்றோம்.

குறை இங்கிருந்து தொடங்குகிறது. இறக்கத்துக்குக் கொடுத்த குறிப்பில் 'எஸ்1' என்று போட்டிருந்தார்கள். ஒற்றையடிப் பாதைகளுக்கு எஸ்0 முதல் எஸ்5 வரை ஒரு அளவு உண்டு. எஸ்1 என்றால் சின்ன வேர், உதிரிக் கல், பழகியவர் இறங்காமல் ஓட்டலாம். பழைய பதுங்கு குழிகளை ஒட்டி இறங்கும் அந்தப் பாதையில் இரண்டு இடம் எனக்குத் தெரிந்து எஸ்1 இல்லை. முழங்கால் உயரப் பாறைப் படி, அதன் கீழேயே திருப்பம். மகன் "ஹேய்" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் 24 கிலோ சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியை ஆற்றில் இறக்குவதுபோல இறக்கினேன். சுற்றிக்கொண்டு வரக் காட்டு ரோடு ஒன்று இருக்கிறது. குறிப்பில் அதற்கும் ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை.

அதற்குக் கீழே எல்லாம் சுகம். குளுர்ன்ஸ் என்ற குட்டி ஊர், சுற்றி மதில் இன்னும் அப்படியே இருக்கிறது. பிறகு ஆப்பிள். வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் மழை குறைவு, வாய்க்கால் வெட்டி மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து விவசாயம் செய்கிறார்கள். பரம்பிக்குளம்-ஆழியார் (பி.ஏ.பி.) வாய்க்கால் பார்த்து வளர்ந்தவளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் கரையிலேயே நடைபாதை, அதில் சைக்கிளுக்கு இடமில்லை. ஆப்பிள், ஆப்பிள், மறுபடியும் ஆப்பிள். முதல் ஒரு மணி நேரம் அழகு, பிறகு தூக்கம் வரும்.

மழை குறைவு என்றேன். நான்காம் நாள் காலை லாட்ஷில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மெரான் வரை ரயிலில் போய்விட்டோம். மூடிக் கிடந்த அந்தப் பாதையை 2005-இல் மறுபடி திறந்திருக்கிறார்கள், எங்களுக்காகத்தான் திறந்தார்கள் என்று தோன்றியது. மெரானிலிருந்து கால்டெர்னுக்கு மழையிலேயே மிதித்தோம். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. வரவேற்பறையில் வரிசையாகப் பைகள். எங்கள் பை இரண்டும் இல்லை.

வேன் ஐந்து மணிக்குள் வந்துவிடும் என்பது ஒப்பந்தம். ஐந்தரைக்கு அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "வண்டி வந்துவிட்டுப் போய்விட்டது, எல்லாப் பையும் இறக்கியாயிற்று என்று இருக்கிறது" என்றார் ஓர் இளைஞர். இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது? அது அவருக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தது: இதே பெயரில் பாதி கொண்ட இன்னொரு விடுதி பக்கத்து ஊரில் இருக்கிறது. எங்கள் பை அங்கே கதகதப்பாக உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயாயிற்று.

ஈர உடையில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து விடுதிக்கார அம்மா உள்ளே போய், தன் வீட்டுக்காரரின் டிராக் பேண்ட் ஒன்றும் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் டி-ஷர்ட் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மகனின் சைக்கிள் பூட்டு வாரை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முதுகில் பெரிய எழுத்தில் தீயணைப்புப் படை என்று போட்டுக்கொண்டு, வெள்ளை மேசை விரிப்பு போட்ட கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து சல்யூட் வைத்தார்.

"அம்மா, எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்றான்.

"எல்லாம் என் வயித்துலதான் கண்ணு."

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் துணி இல்லை. தைராய்டு மாத்திரை பையில். அதைவிடப் பெரிய சிக்கல், சைக்கிள் பேட்டரியின் சார்ஜரும் பையில். ஒரு கிலோ கனத்தை முதுகில் ஏன் சுமக்க வேண்டும் என்று வேனில் அனுப்பியிருந்தேன். பை வந்தது இரவு 9:40. பேட்டரி நிறைய ஆறு மணி நேரம் ஆகும். பை வந்த கையோடு மாட்டிவிட்டு, நடு இரவில் ஒரு முறை எழுந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். மாத்திரையை மறுநாளிலிருந்து முதுகுப்பைக்கு மாற்றினேன். சார்ஜரையும். பிறகு ஒரு மெல்லிய பேண்ட், உலர்ந்த காலுறை, அடையாள அட்டை. மூட்டை சுமக்காமல் போகத்தான் காசு கொடுத்தேன், கடைசியில் முதுகில் நாலரை கிலோ இருந்தது. போகிறவர்களுக்கு ஒரு வேலை: பையில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். எங்கள் அட்டையில் எண் மட்டும்தான் இருந்தது, அன்றன்றைய விடுதியின் பெயரும் தெருவும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து நானே தாளில் எழுதி ஒட்டினேன்.

சாப்பாடு. நான் முட்டை வரைக்கும் வருவேன், அதற்கு மேல் இல்லை. பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். சொன்னதன் பலன், ஆஸ்திரியாவின் டிரோலில் இரண்டு இரவும் கேஸ்ஷ்பெட்ஸ்ல. மாவு உருண்டையில் பாலாடைக் கட்டியை உருக்கி, மேலே வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துப் போடுவார்கள். முதல் நாள் தேவாமிர்தம், இரண்டாம் நாள் சிமெண்ட். இங்கேதான் பருப்புப்பொடி வந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் கொட்டித் தொட்டுக்கொண்டோம். நவுடர்ஸில் பரிமாறிய பெண் என்ன மசாலா என்று கேட்டார், கொஞ்சம் கொடுத்தேன், சமையலறைக்குள் கொண்டுபோனவர் காலி கிண்ணத்தோடு திரும்பினார். இத்தாலிக்குள் தெற்கு டிரோல் வந்ததும் நிலைமை மாறியது. ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென் என்று ஒன்று, சோமாசி வடிவம், உள்ளே கீரையும் தயிர்க்கட்டி மாதிரி ஒன்றும், மேலே உருக்கிய வெண்ணெய். இதைத் தின்பதற்காக மட்டும் ரயிலேறி வரலாம். க்னோடல் என்ற ரொட்டி உருண்டைகளில் கவனம் தேவை, கேட்காமல் வாங்கினால் பன்றிக்கறித் துண்டு இருக்கும். கீரை உருண்டை என்று கேட்டு வாங்குங்கள். மலைக்குடில்களில் மோர் கிடைக்கிறது. நம் மோர்தான், உப்பும் கருவேப்பிலையும்தான் இல்லை.

ஐந்தாம் நாள் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கால்டெர்னிலிருந்து மெண்டல் கணவாய்க்குக் கம்பி வடத்தில் இழுக்கும் ரயில், 1903-இல் ஓடத் தொடங்கியது. செங்குத்தான இடத்தில் 64 சதவீதச் சரிவு. சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்கள். டிக்கெட் எங்கள் செலவு. மகனுக்கு இது ஏமாற்று வேலை. ரோட்டிலேயே மிதித்து ஏறுகிறேன் என்று போனான். 1,363 மீட்டரில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்து முடித்தபோது, முகம் பீட்ரூட் நிறத்தில் வந்து சேர்ந்தான். அதுவரை ஜெர்மன் பேச்சுதான், அதற்கு அந்தப் பக்கம் இத்தாலி பேச்சிலும் இத்தாலி ஆகிவிடுகிறது. நோன் பள்ளத்தாக்கு, மறுபடியும் ஆப்பிள், அந்தாலோ. அங்கே என் பின் பிரேக் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் போட ஆரம்பித்தது. வாடகைச் சைக்கிளோடு தந்த பழுதுப் பையில் டியூப், பம்பு, கியர் ஹேங்கர் எல்லாம் இருந்தன, பிரேக் பேட் இல்லை. என் எடையும் அந்த மோட்டார் எடையும் சேர்ந்து ஐந்து நாள் இறங்கினால் பேட் தேயும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அந்தாலோ கடையில் மாற்றிக்கொண்டோம். ரசீது அனுப்பினேன், நாலே நாளில் பணம் வந்துவிட்டது.

இரவு மொல்வேனோவில். விடுதி அறை சின்னது, ஜன்னல் முழுக்க ஏரி. பை எங்களுக்கு முன்னால் வந்து அறைக்குள்ளேயே இருந்தது. என் கையெழுத்துத் தாள் வேலை செய்தது.

ஆறாம் நாளைப் பற்றி நிறைய எழுத மனம் வரவில்லை, எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பொறாமை வரும். ஃபியாவேயில் ஆதி மனிதர்கள் ஏரிக்குள் கட்டை நட்டு வீடு கட்டிய இடம் இருக்கிறது, 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிறகு தென்னோ ஏரியின் பச்சை. அதற்கப்புறம் இறக்கம், இறக்கம், இறக்கம். ஊசியிலை மரம் போய் ஆலிவ் மரம் வருகிறது, குளிர் காற்று போய்க் கன்னத்தில் சூடு அடிக்கிறது. ரீவா கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர்தான். மத்தியானம் ஆனால் கார்தா ஏரியில் தெற்கிலிருந்து ஓரா என்று ஒரு காற்று கிளம்புகிறது. கரையில் அது முகத்தில் அடிக்க, மகன் ஷூவோடேயே தண்ணீருக்குள் இறங்கி நின்றான். என் கருவி 350 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது, ரயில் தூரம் சேர்க்காமல்.

திரும்பும் பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. சைக்கிள்களுக்கு நடுவே போர்வை வைத்து டிரெய்லரில் கட்டினார்கள், ஒரு கீறல் இல்லை. பிரென்னர் கணவாய் வழியாக வந்தது. ஆறு நாள் வந்த தூரத்தை ஒரு தூக்கத்தில் முடித்துக் கார்மிஷில் இறக்கிவிட்டது கொஞ்சம் அநியாயமாகத்தான் இருந்தது.

காசு விஷயத்தில் சிறு எழுத்துகள்: ஊர் வரி ஒவ்வொரு விடுதியிலும் தனியாகக் கட்ட வேண்டும், சில இடத்தில் ரொக்கமாகத்தான் கேட்டார்கள். கார்மிஷில் ஒரு வாரம் கார் நிறுத்த வாடகை தனி. இரவுச் சாப்பாடு கால்டெர்னிலும் மொல்வேனோவிலும் மட்டும் சேர்த்தி, மற்ற நாள் நம் கணக்கு.

மதிப்பெண் போடச் சொன்னால் பாதைக்கு ஐந்துக்கு ஐந்து, விடுதிகளுக்கு நாலு, சைக்கிளுக்கு மூன்றரை, சாமான் வண்டிக்கு மூன்று. ஆறில் ஐந்து நாள் ஒழுங்காக வந்தது என்று மகன் வாதாடுகிறான். வராத ஒரு நாள் எது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா, வெயில் நாளாக இருந்தால் நாலு போட்டிருப்பேன். சொந்தமாக மூட்டை சுமக்கத் தெம்பு உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், குடில்களில் தங்கி உயரத்திலேயே போங்கள். என்னைப் போன்றவர்கள் வாங்கலாம், மாத்திரையும் சார்ஜரும் முதுகில் இருக்கட்டும்.

பை தாமதமானதற்குப் புகார் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 50 யூரோ தள்ளுபடிச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். பணமாகத் தர மாட்டார்களாம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம். மகன் அடுத்த வருடம் ஓபர்ஸ்டோர்ஃப் வழியில் முதுகுப்பையோடு நண்பர்களுடன் போகப்போகிறான், அவனுக்கு அது உதவாது. தன் சீட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டான். இரண்டும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகின்றன. தீயணைப்பு டி-ஷர்ட்டைத் துவைத்துக் கால்டெர்னுக்குத் தபாலில் அனுப்பினேன், கூடவே ஒரு டப்பா பருப்புப்பொடி.